ஏஐ வந்து வேலை ஆட்டம் காணும்போது: விசுவாசிகள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செய்யூர், சூனாம்பேடு, கடப்பாக்கம், பவுஞ்சூர் பக்கத்திலிருந்து சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் மஹிந்திரா சிட்டிக்கும் ஐடி வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்: ஏஐ வந்துவிட்டதாமே, நம்ம பிள்ளை வேலை நிற்குமா? இது வீண் பயம் இல்லை. ஓர் ஊழியர் வருஷத்துக்கு 35 நாளுக்கு மேல் பெஞ்ச்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், இருக்கக்கூடாது என்று 2025 ஜூனில் டிசிஎஸ் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதக் கடைசியில், மொத்த ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்கள். ஏஐ காரணமில்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்றார் அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன். காரணத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் ஹோம் லோன் இஎம்ஐ தேதி தவறாமல் வந்துவிடும்.

விசுவாசக் குடும்பங்களில் இன்னொரு சேதமும் நடக்கிறது. வேலை போனவர் முதலில் நிறுத்துவது கோயிலுக்கு வருவதைத்தான். சாட்சி நேரத்தில் ப்ரமோஷன் கிடைத்தவர் எழுந்து பேசுகிறார், ஆன்சைட் போனவர் பேசுகிறார், புது வீடு கட்டியவர் பேசுகிறார். பின் வரிசையில் இருப்பவர், தன்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். பிறகு ஆண்டவருக்கே தான் வேண்டாதவன் என்று நினைக்க ஆரம்பிக்கிறார். இப்படி ஒடிந்துபோனவர்களைப் பல சபைகளில் பார்த்தாகிவிட்டது. வேலை போவது பணமும் சட்டமும் சம்பந்தப்பட்ட பிரச்னை. அதைப் பணமாகவும் சட்டமாகவும் கையாளுங்கள். உங்கள் மதிப்பை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

மாற்கு முதல் அதிகாரத்தை இன்று இரவே திறந்து, யோர்தான் காட்சியை மெதுவாக வாசியுங்கள். இயேசு அதுவரை ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தண்ணீரிலிருந்து கரையேறும்போதே பிதா அவரைத் தம் நேசகுமாரன் என்று அறிவித்துவிட்டார். ஊழியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உங்கள் ஞானஸ்நானமும் அப்படித்தான்: பலருக்கு அது ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கும் முன் நடந்தது. கழுத்தில் மாட்டிய ஐடி கார்டை கம்பெனி வாங்கிக்கொள்ளலாம், ஞானஸ்நானத்தில் கை வைக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

பேஸ்லிப், ஆஃபர் லெட்டர், அப்ரைசல் மெயில், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இன்றே உங்கள் சொந்த மெயிலில் பத்திரப்படுத்துங்கள். ஆள்குறைப்பு நாளில் லாகின் நின்ற பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது. கிளையன்ட் ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள், அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.

ஹெச்ஆர் கூப்பிட்டால் போங்கள், கேளுங்கள், எழுத்தில் தரச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அந்த அறையில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பேர், ஏற்கெனவே டைப் செய்த ராஜினாமா கடிதம். “நீங்களே ரிசைன் பண்ணினால் ரிலீவிங் லெட்டர் நல்லபடியாக வரும், டெர்மினேட் பண்ணினால் எங்கேயும் வேலை கிடைக்காது” என்பார்கள். குரல் அன்பாகத்தான் இருக்கும். “மெயிலில் அனுப்புங்கள், வீட்டில் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன்” என்று ஒரே வரி சொல்லுங்கள். வெளியே வந்ததும் நடந்ததை, தேதி நேரத்தோடு, உங்கள் சொந்த மெயிலுக்கு நீங்களே எழுதி அனுப்பிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சட்டம் என்ன தருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர் ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஆள்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. மறுபயிற்சி நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம் உண்டு. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருப்பதால் மட்டும் உரிமை போய்விடாது, உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி தனி.

சங்கத்தையும் வக்கீலையும் தயங்காமல் அணுகுங்கள். ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில், டிசிஎஸ் ஒரு கர்ப்பிணி ஊழியரை நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. தன்னைச் சட்டவிரோதமாக அடித்தவர்களிடம் பவுலும் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித்தான் நியாயம் கேட்டார்.

வீட்டில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் எங்காவது உட்கார்ந்துவிட்டு சாயந்திரம் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை நாள் மறைத்தாலும் மனைவிக்கு மூன்றாம் ஆள் மூலம்தான் தெரியவரும். பிறகு வேலை போனதைவிட மறைத்ததுதான் பெரிய சண்டையாக நிற்கும். வரன் பேசிக்கொண்டிருந்தால் அந்த வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

ஃபாதரிடமோ பாஸ்டரிடமோ நேரில் போய், தேவை என்னவென்று திட்டமாகச் சொல்லுங்கள். “ஜெபம் பண்ணுங்க ஃபாதர்” என்று மட்டும் சொன்னால் ஜெபம் மட்டும்தான் கிடைக்கும். “டெஸ்டிங்கில் ஏழு வருஷ அனுபவம், நம்ம பங்கில் அந்த லைனில் யார் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். அன்பியக் கூட்டத்தில் பத்து வீட்டுக்கு விஷயம் தெரிந்தால் பத்து ரெஃபரன்ஸ் வரும்.

ஆறு மாதச் செலவைத் தாளில் எழுதுங்கள். வாடகை, பள்ளி ஃபீஸ், மருந்து, இஎம்ஐ, சீட்டு, அவ்வளவுதான். இஎம்ஐ தவறும் முன்பே பேங்குக்குப் போய் மேனேஜரைப் பாருங்கள். தவறிய பிறகு பேசுவது வேறு பேச்சு.

குடும்பத்துக்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, செத்தால் போதும் என்று கேட்டபோது தேவன் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. தூதன் அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்கப்புறம்தான் ஓரேபுக்குப் பயணம். எத்தனையோ பிரசங்கங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. உங்கள் வீட்டில் அம்மா தட்டில் சோறு போட்டுக் கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

தினமும் இரண்டு மணி நேரம், உங்கள் வேலைக்குள்ளேயே ஏஐ-யைப் பழகுங்கள். டெஸ்டிங் தெரிந்தவர் டெஸ்டிங்கிலும், கணக்கு தெரிந்தவர் கணக்கிலும் அதை வைத்து வேலை வாங்கிப் பாருங்கள். எங்கே அது தப்பு பண்ணுகிறது என்று கண்டுபிடிக்கிற ஆளுக்குத் தேவை இருக்கிறது. என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் இலவசம், சர்டிபிகேட் தேர்வுக்கு மட்டும் பணம்.

சின்ன வேலை வந்தால் தலைநிமிர்ந்து செய்யுங்கள். பவுல் சபைகளை உண்டாக்கிக்கொண்டே கூடாரம் தைத்துப் பிழைத்தார். பேதுரு ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்தவர். ஆலம்பரைக்குப்பத்திலோ முதலியார்குப்பத்திலோ கேட்டுப் பாருங்கள், வெறும் வலையோடு திரும்பிய நாளுக்காக ஒரு மீனவரை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. வெறும் கையோடு நின்ற அந்தக் காலையில்தான் இயேசு பேதுருவின் படகில் ஏறினார்.

சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்குப் போங்கள். கிறிஸ்தவர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு அரசு நிறுவனமான டாம்கோ குறைந்த வட்டியில் தொழில் கடன் தருகிறது. பட்டதாரிகளுக்கு மாவட்டத் தொழில் மையத்தின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. இந்தக் கதவுகள் இருப்பதே நம் சபைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். உழைப்பை மட்டும் வைத்து மனிதரை அளந்த காலம் செங்கல்பட்டில் உண்டு. கடனுக்காக மிராசுதாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த படியாட்களின் நிலைமையை 1891-ல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கையாக எழுதினார். பின்னால் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கிய ஏற்பாடு அந்த அறிக்கையிலிருந்து வந்ததுதான். செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் அதே காலத்தில் அந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று போராடினார். மெல்ரோசாபுரம் குடியிருப்பு அப்படி உருவானது. அதே 1891-ல் ரோமில் போப் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளி ஓர் இயந்திரப் பாகம் இல்லை, குடும்பமும் உரிமையும் உள்ள மனிதன் என்று நிலைநிறுத்திய சுற்றுமடலை வெளியிட்டார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற போப், தான் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்தச் சுற்றுமடலையும், இன்று ஏஐ மனித மாண்புக்கும் வேலைக்கும் வைக்கிற சவாலையும்தான் காரணமாகச் சொன்னார்.

உங்களில் பலருடைய பாட்டனார்களை நிலக்காரர்கள் படியாள் என்றுதான் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானம் அவர்களுக்கு ஒரு பெயர் கொடுத்தது, பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. அதன் பிறகும் 1950-ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்சி பட்டியலில் இன்னும் இடமில்லை. இவ்வளவையும் தாண்டி முதல் தலைமுறையாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த பிள்ளைக்கு, வேலை போனால் ஊரில் திரும்பவும் பழைய பார்வை வந்துவிடுமோ என்ற பயம் கூடுதலாக இருக்கும். அது கற்பனைப் பயம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: உழைப்பு எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் பார்த்து ஆளை மதிக்கிற பழைய கணக்கை உங்கள் குடும்பம் ஒரு தடவை உதறியாயிற்று. இப்போது அதே கணக்கை ஒரு கம்பெனி டாஷ்போர்டில் போட்டுக் காட்டினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆண்டவரிடம் கோபப்படுங்கள். சங்கீதங்களில் புலம்பல் ஏராளம். எத்தனை நாள் இப்படி என்று தாவீதே கேட்டிருக்கிறார்.

செய்யக்கூடாதவை

கூப்பிட்ட அன்றே ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகப் போனதாக எழுத்தில் இருந்தால், நோட்டீஸும் இழப்பீடும் கேட்கிற வழி அடைபட்டுவிடும். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் இதை வையுங்கள்.

“என் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை” என்று சொல்லாதீர்கள், சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். யோபுவின் நண்பர்கள் இதைத்தான் நாள்கணக்காகச் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்கள் மேல்.

செட்டில்மென்ட் பணத்தில் விதைக் காணிக்கை விதைக்காதீர்கள். “ஒரு லட்சம் விதையுங்கள், மூன்று மாதத்தில் இரட்டிப்புச் சம்பளம்” என்று மேடையில் நின்று சொல்கிறவர், நாலாவது மாதம் உங்கள் போனை எடுக்க மாட்டார். ஏழை விதவையின் இரண்டு காசை இயேசு கவனித்தார். அதற்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற மதத் தலைவர்களைக் கண்டித்தார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். சம்பளம் இல்லாத மாதத்தில் தசமபாகம் கேட்டு நெருக்குகிறவரிடம், வருமானம் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையை ஆஃபர் லெட்டராக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த அட்டை, வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும். உயர்வைப் பற்றிய வசனம் வந்த வருஷத்தில் வேலை போனால், வசனம் பொய்யா, நான் பொய்யா என்று மனசு குடைகிறது. இரண்டும் இல்லை. அந்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு முழுசாக வாசியுங்கள். பல சமயம் அது நாடு கடத்தப்பட்ட இடத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதாக இருக்கும்.

ஏஐ-யை 666 என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். பயந்தவர் கற்றுக்கொள்ள மாட்டார். 2025 ஜனவரியில் வாடிகன் ஏஐ பற்றி வெளியிட்ட ஆவணமே அதை மனித அறிவு உண்டாக்கிய ஒரு கருவியாகத்தான் பார்க்கிறது, மனிதரோடு ஒப்பிட வேண்டாம் என்றுதான் எச்சரிக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு சாட்பாட்டிடம் மட்டும் மனசைக் கொட்டாதீர்கள். நீங்கள் விரும்புகிற பதிலையே அது திருப்பிச் சொல்லும். அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு வந்து, சட்டையைப் போடு, டீ குடித்துவிட்டு வரலாம் என்று கூப்பிட அதனால் ஆகாது.

பிளேஸ்மென்ட் கேரண்டி என்று விற்கிற ஏஐ கோர்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள். ஃபீஸ் என்ற பெயரில் ஒரு நிதி நிறுவனத்தின் லோன் ஃபார்மில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோர்ஸ் பாதியில் நின்றாலும் இஎம்ஐ நிற்காது.

வேலைக்கு முன்பணம் கட்டாதீர்கள். நேர்மையான கம்பெனி எதுவும் லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் சார்ஜ் என்று கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், பணம் கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு.

டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து, கம்போடியா வேலைக்குப் போகாதீர்கள். டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லி 2022 முதல் தமிழ்நாட்டு இளைஞர்களை பாங்காக்குக்கு வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தியிருக்கிறார்கள். அங்கே அடித்து உதைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். குறி வைத்ததே கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளைத்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் ஊழியக்காரர் மகனாக இருந்தாலும் சரி.

பிஎஃப் பணம் முழுவதையும் எடுக்காதீர்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். இடையில் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

லோன் ஆப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். தவணை தவறினால் உங்கள் போனில் உள்ள சபை ஆட்கள் நம்பருக்கெல்லாம் மெசேஜ் போகும்.

ஊரில் இருக்கிற நிலத்தை அவசரத்தில் கொடுக்காதீர்கள். ஈசிஆர் ஓரத்து நிலத்துக்குப் புரோக்கர்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள், கஷ்டம் எந்த வீட்டில் என்பதும் அவர்களுக்குத் தெரியும். செய்யூரில் 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் வரும், வேலை வரும் என்று பல வருஷம் பேசினார்கள். மின் நிலையம் வரவில்லை. வருவதாகச் சொன்ன வேலையை நம்பி நிலத்தை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இந்த ஊருக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தவிர்க்காதீர்கள். கஷ்டமாக இருந்தால் வேறு வேளைப் பூசைக்குப் போங்கள், ஒரு மாதம் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா கோயிலுக்குப் போய் யாருக்கும் தெரியாதவராக உட்காருங்கள். வீட்டுக்குள் மட்டும் முடங்காதீர்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 104 தமிழக அரசின் எண், 14416 மத்திய அரசின் டெலிமானஸ் எண். இரண்டும் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். டாக்டரைப் பார்ப்பதும் மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசத்துக்கு எதிரானவை இல்லை. கூட இருப்பவர்கள் அவரைத் தனியாக விடாதீர்கள்.

வேலை இன்னும் கையில் இருக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது “இப்போ எங்க வேலை பார்க்கறீங்க?” என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். ஆயர்களும் பங்குத்தந்தையரும் சாட்சி நேரத்தில், வேலை தேடிக்கொண்டிருப்பவர் எழுந்து இரண்டு வார்த்தை பேச இடம் கொடுங்கள். அவருடைய தகுதியை அறிவிப்பில் சொல்லுங்கள். மூன்று வாரமாக வராமல் இருக்கிற ஒருவருடைய முகம் இதை வாசிக்கும்போதே உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். அவர் வீட்டுக்கு இன்றைக்கே போங்கள்.